உறை ஊற்றுகிற சூடு

பால் அண்டாவின் வயிற்றில் வலது புறங்கையை வைத்து, கண்ணை மூடி, மனசுக்குள் நாலு எண்ணுகிறார் பிச்சுமணி அய்யர். நாலு வரையில் கை நிலைத்தால், "ஊத்தலாம்" என்கிறார். மூன்றிலேயே துள்ளி எடுத்துவிட்டால், "ஆறட்டும், என்ன பறக்கறே, மாப்பிள்ளை ஓடியா போயிடப்போறான்" என்கிறார். உறைமோர்க் கிண்ணத்தை ஏந்தி நிற்கிற உதவிச் சமையல்காரன் பட்டாபி அதுவரையில் மூச்சு விடக் கூடாது. திருவனந்தபுரத்தில் கரமனையிலும் வலியசாலையிலும் கோட்டைக்குள்ளும் நடக்கிற கல்யாணங்களில் தயிர் புளிப்பதில்லை என்று ஒரு பெயர் இருக்கிறது. அது அந்தப் புறங்கை வாங்கின பெயர்.

உள்ளங்கையை அவர் நம்புவதில்லை. "கரண்டி பிடிச்சுப் பிடிச்சு அது மரத்துப்போச்சு. உள்ளங்கை பொய் சொல்லும், கேட்டயோ. புறங்கைதான் சத்யம்." ஐம்பத்துமூன்று வயது, குட்டையான உடம்பு, நரைத்த குடுமி, தோளில் எப்போதும் ஈரமாகவே இருக்கும் ஒரு துவர்த்துத் துண்டு. இட்லிக் கொப்பரையை, வெல்லப் பாகு உருளியை, அடுத்த வீட்டுக் குழந்தையை, அதன் வீட்டுப் பசுவை, யாராவது எழுந்து போன நாற்காலியை, எல்லாவற்றையும் புறங்கையால் ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் அடுத்த காரியம். சாலைக் கடையில் பூசணிக்காய் வாங்கும்போதுகூட அதன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கடைக்காரன், "சாமி, அதுக்குச் சுகமில்லையா?" என்று கேட்டான். "பழக்கம்" என்றார் பிச்சுமணி, வெட்கப்படாமல்.

மனுஷ உடம்புக்கு அவரிடம் மூன்று சூடுகள் உண்டு. கறந்த பால் சூடு என்றால் சௌக்கியம். உறை ஊற்றுகிற சூடு என்றால் சந்தேகம்; குளிக்க வேண்டாம், மிளகு ரசம் போதும். பொங்கி இறக்கின சூடு என்றால் டாக்டர். தெர்மாமீட்டரில் இந்தக் கோடுகள் கிடையாது. ஆனாலும் பக்கத்தில் தெர்மாமீட்டரையும் வைத்துப் பார்த்தவர்கள் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் கண்டதில்லை.

அந்தக் கை இத்தனை தேர்ச்சி பெற்றது பாலினால் அல்ல, மகன் நாகேஸ்வரனால். அவன் பிறந்த பத்தாம் நாள் தாய்க்குப் பிரசவ ஜுரம் கண்டது. பிச்சுமணி அப்போது சுசீந்திரத்தில் நாலு நாள் கல்யாணத்துக்குச் சமைத்துக்கொண்டிருந்தார். சேதி வந்து, அவர் ஊர் வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. அன்றைக்கு எழ ஆரம்பித்த புறங்கை இருபத்தொரு வருஷம் காலையும் மாலையும் பிள்ளையின் நெற்றிக்குப் போய் வந்தது. வளர வளர நெற்றி உயர்ந்துகொண்டே போக, கடைசியில் அவர் அம்மிமேல் ஏறி நின்று பார்க்க வேண்டியிருந்தது.

நாகேஸ்வரன் சாது. உடம்பும் நல்ல உடம்பு. இருபத்தொரு வருஷத்தில் மூன்று ஜலதோஷம், ஒரு அம்மை. பொங்கி இறக்கின சூடு அவனுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. "அதான் பார்த்துண்டே இருக்கேனே" என்பார் அப்பா.

கலாசாலையில் பி.ஏ. வகுப்பில் ஒரு நாள் பையன் சோர்ந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டு, பசிக்கிறதா என்று கேட்டார் வாத்தியார். "தெரியலை சார். அப்பா இன்னும் வரலை" என்றான் நாகேஸ்வரன்.

அப்பா ஒரு மணிக்கு வருவார். கலாசாலைப் பலாமரத்தடியில் தூக்குப் பாத்திரத்தைத் திறந்து, சாம்பார் சாதம் பிசைந்து, ரச சாதம் பிசைந்து, தயிர் சாதத்தை உருட்டிக் கையில் வைப்பார். சுற்றிலும் வக்கீல் பிள்ளைகளும் தாசில்தார் பிள்ளைகளும் நின்று பார்ப்பார்கள். அவர்கள் அவனுக்கு வைத்த பெயர் பாலாடை. பச்சைக் குழந்தைக்குப் பால் புகட்டுகிற கிண்ணத்தைச் சொன்னார்கள். பிச்சுமணி அதைப் பாலடைப் பிரதமன் என்று எடுத்துக்கொண்டார். "நம்ம பாயசம் காலேஜ் வரைக்கும் பேர் எடுத்திருக்கு" என்று பட்டாபியிடம் பெருமையாகச் சொன்னார்.

இங்கிலீஷ் விஷயம் இன்னும் விசேஷம். பிள்ளை முதல் பாடப் புத்தகம் வாங்கின வருஷம் அவனோடு உட்கார்ந்து இருபத்தாறு எழுத்தையும் பிச்சுமணி கற்றுக்கொண்டார். அர்த்தம் கற்றுக்கொள்ளவில்லை. அர்த்தம் பிள்ளையின் இலாகா. சாயங்காலம் அவன் பாடம் ஒப்பிக்க, அவர் புத்தகத்தை மடியில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக விரலை ஓட்டிக்கொண்டு வருவார். அவன் ஓர் எழுத்தை விழுங்கினால் விரல் நின்றுவிடும்.

"இங்கே ஒரு கே நிக்கறதே. அதைச் சொல்லலையே நீ."

"அது சைலன்ட், அப்பா. எழுதணும், சொல்லக் கூடாது."

"எவன் சொன்னான்? போட்ட பெருங்காயம் மணக்கணும், எழுதின எழுத்து கேக்கணும். சொல்லு."

ஆகையால் கத்தியை இங்கிலீஷில் க்னைஃப் என்றும், முழங்காலை க்னீ என்றும் சொல்லி வளர்ந்தான் நாகேஸ்வரன். ஷேக்ஸ்பியர் வரையில் எல்லாம் இந்த விரலின் மேற்பார்வையில்தான் நடந்தது. பிச்சுமணிக்கு ஒரு வரி அர்த்தம் தெரியாது. ஆனால் எந்த இங்கிலீஷ் காகிதத்தைக் கொடுத்தாலும் உரக்கப் படித்துவிடுவார்.

பையன் பி.ஏ. தேறினான். இனி வேலை. இங்கே ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருவனந்தபுரத்தில் உத்தியோகத்துக்கு எல்லாரும் ஜோலி என்பார்கள். பிச்சுமணிக்கு அந்தச் சொல் ஆகாது. "ஜோலின்னா நான் பாக்கறது. காய் நறுக்கறது, அண்டா தேய்க்கறது. பி.ஏ. படிச்சவன் பாக்கறது பணி. ஆத்துலே எவனும் ஜோலின்னு சொல்லப்படாது, ஆமா." நாகேஸ்வரன் அன்று முதல் பணி தேடினான்.

தேடினது இரண்டு பேராகத்தான். எந்த ஆபீஸ் இன்டர்வியூவுக்கும் அப்பா கூடப் போவார். கதவுக்கு வெளியே நிற்பார். கதவு சார்த்தியிருந்தால் ஜன்னலண்டை நிற்பார். பெயர் என்ன என்று துரை கேட்டால், "நாகேஸ்வரன்" என்று ஜன்னலிலிருந்து பதில் வரும். வயசு? "மீன மாசம் வந்தா இருபத்திரண்டு." வெளியூரில் போய்த் தங்க முடியுமா? "வெளியூர்லே நாங்க ரெண்டு பேருமா தங்கிக்குவோம்." நாகேஸ்வரன் நடுவில் உட்கார்ந்து, பேசுகிற பக்கமெல்லாம் மரியாதையாகத் திரும்பிக்கொண்டிருப்பான். அந்த ஏழு மாசத்தில் ஏறின ஆபீஸ்களில் ஏதாவது ஒன்று வேலை கொடுப்பதாக இருந்தால் அப்பாவுக்குத்தான் கொடுத்திருக்கும்.

எட்டாவது அழைப்பு கொல்லத்திலிருந்து வந்தது. ஓர் ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனி. தேதியைப் பார்த்ததும் பிச்சுமணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அன்று வலியசாலையில் கல்யாணம். ஆறு மாசத்துக்கு முன்னே ஒப்புக்கொண்டது. நாலு நாள், வேளைக்கு முந்நூறு இலை. போகவும் முடியாது, அனுப்பவும் மனசில்லை.

"நான் போய்ட்டு வரேன் அப்பா" என்றான் நாகேஸ்வரன்.

"எங்கே?"

"கொல்லம்."

"தனியாவா?"

பிள்ளை தலையை ஆட்டினான். அவன் குரலில் ஏதோ ஓர் உற்சாகம் இருந்ததைப் பட்டாபி கவனித்தான். பிச்சுமணி அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கறந்த பால்தான்.

மிளகு ஒரு பொட்டலம், சுக்கு ஒரு பொட்டலம், ஓமம் ஒரு பொட்டலம், எது எதற்கு என்று மேலே எழுதி, எழுதினது அழிந்தால் தெரிய ஒவ்வொன்றுக்கும் ஒரு நிற நூல் கட்டி, பையில் வைத்தார். ஸ்டேஷனில் டிக்கெட்டை அவன் சட்டைப் பையில் போட்டு ஊசி குத்தினார். வண்டி நகரும்போது கூடவே நடந்துகொண்டு கடைசிக் கட்டளையைச் சொன்னார்.

"முடிவு தெரிஞ்ச உடனே ஒரு தந்தி. இங்கிலீஷ் அர்த்தத்துலே அடிக்காதே. இங்கிலீஷ் எழுத்திலே நம்ம பேச்சை அடி. நானே படிச்சுக்கறேன். என் பிள்ளை சேதியை இன்னொருத்தன் வாயாலே நான் கேக்கமாட்டேன்."

பிள்ளைகள் சொன்னபடி கேட்பதால் விளைகிற கஷ்டங்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நாகேஸ்வரன் சொன்னபடி செய்தான்.

கல்யாணத்தின் இரண்டாம் நாள் காலை, அவியலுக்குக் காய் வெந்துகொண்டிருக்கும்போது தந்திச் சேவகன் கொல்லைப்புறம் வந்து நின்றான். கல்யாணப் பெண்ணின் சித்தப்பா, கோர்ட்டு குமாஸ்தா, கையை நீட்டினார். "கொடும் ஓய், நான் படிச்சுச் சொல்றேன்."

"எழுத்து எனக்குத் தெரியும்" என்றார் பிச்சுமணி. துவர்த்தில் கையைத் துடைத்துக்கொண்டு, தந்தியைத் தேங்காய் மூட்டைமேல் விரித்து, விரலை வைத்தார்.

"பி, ஏ, என், ஐ. பனி."

திருவனந்தபுரத்தில் பனி என்றால் மார்கழிப் பனி அல்ல; மலையாளத்தில் அது ஜுரம். அக்கிரகாரத்திலும் அப்படித்தான் சொல்வார்கள். விரல் அடுத்த வார்த்தைக்கு நகர்ந்தது.

"கே, ஐ, டபிள் டி, ஐ. கிட்டி. பனி கிட்டி. ஜுரம் வந்துடுத்து." அடுத்தது அப்பா. அதற்கு எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கவில்லை. கடைசி வார்த்தை நீளமாக இருந்தது. "வீ, ஏ, ஆர், ஏ, என், டி, ஏ. வராண்டா."

"என்ன வராண்டா?" என்றான் பட்டாபி.

"பனி கிட்டி, அப்பா, வராண்டா."

பட்டாபி கரண்டியோடு யோசித்தான். அவன் அத்திம்பேர் ஒரு தடவை ஆஸ்பத்திரியில் கிடந்தவர். "கட்டில் கிடைக்கலை மாமா" என்றான். "பாய் போட்டு வராண்டாவிலே படுக்கவச்சிருக்கா."

கூட்டம் மிகுந்தால் நோயாளிகளை வராண்டாவில் படுக்கவைப்பது எல்லா ஆஸ்பத்திரியிலும் நடப்பதுதான். காற்றோட்டத்துக்கு உள்ளறையைவிட வராண்டாவே மேல். ஆனால் இதையெல்லாம் அந்தக் கொல்லைப்புறத்தில் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

பிச்சுமணி தம் கல்யாணக் கரண்டியை எடுத்தார். இருபத்தைந்து வருஷமாக வேறு கை படாத கரண்டி. அதைப் பட்டாபியிடம் கொடுத்தார். பட்டாபி வாங்கத் தயங்கினான்.

"பிடிடா. அவியல்லே எண்ணெயைக் கடைசியிலே ஊத்து. சாம்பாரை நீயே ருசி பார்த்துக்கோ." அடுப்பிலிருந்த மிளகு ரசத்தில் ஒரு தூக்கு நிரப்பிக்கொண்டு தம்பானூர் ஸ்டேஷனுக்கு ஓடினார். கோட்டை வாசல் வரைக்கும் ரசம் தெருவில் சொட்டிக்கொண்டு போனதாகச் சொல்கிறார்கள்.

கொல்லத்தில் இறங்கி, வழி கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வராண்டா நீள வராண்டா, பதின்மூன்று பாய், போர்வைகள் முகத்தை மூடியிருந்தன. மடி ஆசாரமெல்லாம் ரயிலிலேயே தங்கிவிட்டது. பிச்சுமணி முதல் போர்வையை விலக்கினார். நாகு இல்லை. ஆனாலும் கை தானாகப் போய் நெற்றியில் உட்கார்ந்தது. "கறந்த பால்" என்றார். அடுத்த போர்வை. "கறந்த பால்." அடுத்தது. "உறை ஊத்தற சூடு. குளிக்காதேயும்." அடுத்தவர் ஒரு மீசைக்காரர், தூக்கத்தில் அவர் கையைத் தட்டிவிட்டார். "கறந்த பால்தான், கோபம் வேற" என்று நகர்ந்தார். பதினோராவது பாயில் கை துள்ளியது. "பொங்கி இறக்கியாச்சு. யாரு இங்கே? இந்தப் பிள்ளையாண்டானுக்குக் கம்பளி கொண்டுவாங்கோ."

"கொண்டுவாறேன். எந்த ஊரு டாக்டர்னு சொன்னா கையெழுத்தும் வாங்கிக்கிடுவேன்."

பின்னால் நர்ஸ் ரோஸ் நின்றுகொண்டிருந்தாள். நாகர்கோவில்காரி, நாற்பது வயது, கையில் தெர்மாமீட்டர். பதினோராவது ஆளின் வாயில் அதை வைத்து எடுத்தாள். நூற்று மூன்று. அவரை மறுபடியும் மேலும் கீழும் பார்த்தாள். குரல் ஓர் அங்குலம் இறங்கிற்று. "யாரைத் தேடுதீங்க அய்யரே?"

தந்தியை நீட்டினார். ரோஸ் ஒரு தடவை படித்தாள். உதட்டை மடித்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள்.

"பையனுக்கு ஏதும் வேலை பாத்துக்கிட்டிருந்தீங்களோ?"

"ஆமா. அதுக்குத்தான் வந்தான். வந்த இடத்துலே பனி."

"பனி இல்ல அய்யரே, பணி. இங்கிலீஷ்ல ரெண்டு சுழி னகரத்துக்கும் மூணு சுழி ணகரத்துக்கும் ஒரே என்தான் உண்டு. பணி கிட்டி. பையனுக்கு வேலை கெடச்சாச்சு."

பிச்சுமணி அப்படியே காலி இடத்தில் உட்கார்ந்துவிட்டார். தூக்கை மடியில் வைத்துக்கொண்டார். "பணியா" என்றார். முகம் மறுபடியும் சுருங்கியது. "அப்போ வராண்டா?"

"வராண்டா இல்ல, வரண்டா. அப்பா வரண்டா. நீங்க வரவேண்டாம்னு சொல்லியிருக்கான்."

பணி வந்ததைவிட இது மெதுவாக உள்ளே இறங்கிற்று. "அப்படிச் சொல்லமாட்டானே அவன்" என்றார். "தந்தி ஆபீஸ்காரன் சேர்த்திருப்பான்."

"தந்தி ஆபீஸ்காரனுக்கு உங்க மேல என்ன விரோதம்?"

பிச்சுமணி தந்தியை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். ரோஸுக்கு இன்னும் இரண்டு பாய் பாக்கி இருந்தது. "அஞ்சரைக்கு வண்டி. ஊருக்குப் போய்ச் சேருங்க."

"தூர நின்னு ஒரு தடவை பார்த்துட்டுப் போறேன்."

"பாருங்க. கிட்டப் போகாதீங்க. தொத்து நோய்னு நெனச்சுக்கிடுங்க."

கம்பெனி ஆபீஸ் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்தது. எதிர்ச் சாரியில், வெயில் படுகிற ஒரு பெஞ்சில் தூக்கோடு உட்கார்ந்தார் பிச்சுமணி. தொத்து நோய்க்கு இருபது கஜம் போதும் என்று கணக்குப் போட்டுக்கொண்டார். ஆபீஸ் ஜன்னலில் நாகுவின் தலை தெரிந்தது. எழுதிக்கொண்டிருந்தான். யார் அவனுக்கு மத்தியானம் பிசைந்து கொடுத்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

ஆபீஸிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். கழுத்தில் கம்பளி மப்ளர், கண் சிவந்து, நடை தள்ளாடி. "ஓய், இந்தப் பெஞ்சில வெயில் இருக்கா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் உட்கார்ந்து நடுங்கினார். ஜுரக்காரர்களுக்குப் பேச்சு நிற்காது. இரண்டு நிமிஷத்தில் அவர் பெயர் யோசுவா என்பதும், எதிர் ஆபீஸின் மானேஜர் என்பதும், மார்த்தாண்டத்துக்காரர் என்பதும் தெரிந்துவிட்டன.

"நேத்து இன்டர்வியூ வச்சிருந்தேன் பாத்துக்கிடும். இருபது பேர் வந்தானுவ. எல்லாவனும் இங்கிலீஷைப் பொளந்து கட்டினான். கடைசியா ஒரு பையன். கையைக் குடுத்தேன், விடமாட்டேங்கான். புறங்கையைத் திருப்பி என் நெத்தியில வச்சுப்புட்டு, 'சார், உறை ஊத்தற சூடு தாண்டியாச்சு, போய்ப் படுத்துக்கோங்கோ'ன்னு சொல்லுதான். எனக்குக் காய்ச்சல்னு எம் பெஞ்சாதிக்கே தெரியாது ஓய்."

பிச்சுமணி பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்தார். "அப்புறம்?"

"அப்புறம் என்ன, வேலை அவனுக்குத்தான். நம்ம சோலி என்ன? இன்ஷூரன்ஸ் கேக்குதவன் வீட்டுக்குப் போயி, ஆள் எப்படி இருக்கான்னு பாத்து எழுதணும். முன்னே ஒருத்தன் வாசல்ல நின்னே, 'ஆள் திடம்'னு எழுதிட்டு வந்தான். ஆள் மறுநாள் மண்டையைப் போட்டுட்டான். எனக்குத் தொட்டுப் பாக்கவன்தான் வேணும்."

மானேஜர் மப்ளரை இறுக்கினார். "ஒரே ஒரு சங்கதி இடிக்குது. வாயைத் தொறந்தா அப்பா. மாசம் இருபத்தஞ்சு நாள் ஒத்தையில ஊர் சுத்துத வேலை இது. இன்னைக்கு நாலு மணிக்குக் கொட்டாரக்கரை போகச் சொல்லியிருக்கேன். தானா பஸ் ஏறிப் போய்ட்டான்னா வேலை நிக்கும். அந்த அப்பன்காரன் வந்து கையைப் பிடிச்சு ஏத்திவிட்டான்னு வையும், ரெண்டு பேரையும் சேத்து ஊருக்கு அனுப்பிருவேன். நாற்காலி ஒண்ணுதான் இருக்கு."

மானேஜரின் நெற்றிக்குப் பாதி வழி போயிருந்த புறங்கை திரும்பி வந்து, பிச்சுமணியின் காதையே சொறிந்தது.

நாலு மணிக்கு நாகேஸ்வரன் படியிறங்கினான். ஒரு கையில் பை, ஒரு கையில் குடை. பிச்சுமணி துவர்த்தை எடுத்து வெயிலுக்குப் போடுகிறவர்போல் தலையில் போட்டு முகம் வரை இழுத்துக்கொண்டார். பையன் நேராக நடந்தான். தைரியமாக நடந்தான். தைரியமாகவே காயங்குளம் பஸ்ஸில் ஏறினான்.

பலகையைப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. இருபத்தொரு வருஷமாக, அப்பா ஏற்றிவிட்ட பஸ்தான் சரியான பஸ்.

எஞ்சின் உறுமியது. பிச்சுமணி எழுந்துவிட்டார். வாய் திறந்து, "நா" என்று சத்தமும் வெளியே வந்துவிட்டது. மானேஜரின் சிவந்த கண் திரும்பியது.

"நா... நாகர்கோவில் பஸ் எங்கே நிக்கும்?" என்றார் பிச்சுமணி.

"இது கொல்லம் ஓய். அது இங்க எதுக்கு நிக்குது?"

உட்கார்ந்தார். தூக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். காயங்குளம் பஸ் நகர்ந்தது; வளைவு வரை போயிற்று; அதன் முதுகைப் பார்த்துக்கொண்டே அவர் நாலு எண்ணினார்; மறுபடியும் நாலு எண்ணினார். கண்டக்டர் டிக்கெட் கேட்டிருக்க வேண்டும்; வளைவில் பஸ் நின்றது. முதலில் ஒரு குடை இறங்கியது. அதன் பின்னால் நாகேஸ்வரன் இறங்கினான்.

நடுத்தெருவில் நின்று வலது பக்கம், சற்றுப் பின்னால் திரும்பிப் பார்த்தான். அப்பா எப்போதும் நிற்கிற இடம். அங்கே ஒரு ஆடு நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஓரத்தில் பழம் விற்கிறவளிடம் போய் ஏதோ கேட்டான். அவள் மோவாயால் காட்டினாள். அவள் காட்டின பஸ்ஸின் எதிரே நின்று, உதடு அசைய, பலகையில் இருந்த ஒவ்வோர் எழுத்தையும் படித்தான், ஒன்றுகூட விடாமல். ஏறி உட்கார்ந்தான். பஸ் பெஞ்சைக் கடந்து போனபோது பிச்சுமணி தரையில் எதையோ தேடுகிறவர்போல் குனிந்திருந்தார்.

"போய்ட்டான்" என்றார் மானேஜர்.

"போய்ட்டான்" என்றார் பிச்சுமணி. இனிக் கையைக் கட்டிப்போட அவரால் ஆகவில்லை. மானேஜரின் நெற்றியில் வைத்துப் பார்த்தார். "பொங்கி இறக்கியாச்சு. இந்த ரசத்தைக் குடிங்கோ. குடிச்சுட்டு ஆத்துக்குப் போங்கோ, ஆபீஸுக்குப் போகப்படாது."

யோசுவா அந்தக் கையைப் பார்த்தார். கையின் சொந்தக்காரரைப் பார்த்தார். கொட்டாரக்கரை பஸ் போன திசையையும் பார்த்தார். பிறகு ஆறிப்போன ரசத்தைத் தூக்கு மூடியில் வாங்கி, மடக்கு மடக்காகக் குடித்தார்.

"உப்பு கொஞ்சம் கொறவு" என்றார்.

"கல்யாண அவசரம்" என்றார் பிச்சுமணி.

அன்று இரவுப் பந்தி முடிவதற்குள் வலியசாலைக்குத் திரும்பிவிட்டார். சாம்பார் ரொம்ப ஜோர் என்று சம்பந்தி வீட்டார் ஆள் அனுப்பிச் சொன்னார்கள். பட்டாபி கரண்டியைக் கழுவித் துடைத்து அவர் முன்னால் நீட்டினான். "இன்னும் ரெண்டு நாள் நீயே வச்சுக்கோ" என்றார். மூன்றாம் நாள் காலை வரை தாங்கினார். பிறகு கேட்டு வாங்கிக்கொண்டார்.

இது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. நாகேஸ்வரன் கொட்டாரக்கரை, அடூர், பத்தனாபுரம் என்று சுற்றுகிறான். தந்தி கூடாது என்று இரு தரப்பிலும் ஒப்பந்தம். புதன்கிழமை தோறும் தமிழில் ஒரு கார்டு வருகிறது. பணி என்று எழுத வேண்டிய இடத்தில், மூன்று சுழி ணகரத்துக்கு நாலு சுழி போடுகிறான். போன வாரக் கார்டில், மிளகு தீர்ந்துவிட்டது, அனுப்ப வேண்டாம், இங்கேயே கடை இருக்கிறது என்று எழுதியிருந்தான். "கடையைக் கண்டுபிடிச்சுட்டான்" என்று பிச்சுமணி தெருவில் நாலு பேரிடம் சொன்னார்.

தபால்காரர் வரும்போது அவர் அடுப்பண்டை இருந்தாலும் எழுந்து வருகிறார். ஈரத் துவர்த்தில் கையைத் துடைத்துக்கொள்கிறார். கார்டை வாங்கி, எழுத்துப் பக்கம் மேலே இருக்கும்படி இடது கையில் ஏந்தி, அதன் மேல் வலது புறங்கையை வைத்து, கண்ணை மூடி, நாலு எண்ணுகிறார். பிறகுதான் மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறார்.